குட்டியானையில ஏத்தும்போது பைக்கோட அடி தட்டுதா? பலகையோட நீளத்துலதான் விஷயமே இருக்கு!

வீடு மாறும்போது, வண்டி நடுவழியில் நின்றுபோகும்போது, வெள்ளத்தில் மூழ்கிய பைக்கை ஸ்டார்ட் பண்ணாமல் மெக்கானிக்கிடம் கொண்டுபோகும்போது... பைக்கை குட்டியானையில் ஏற்ற வேண்டிய நிலை யாருக்கு வேண்டுமானாலும் வரலாம்.

சின்ன பைக் என்றால் நாலு பேர் சேர்ந்து தூக்கி வைத்துவிடுவார்கள். தாழ்வான, வெயிட்டான க்ரூஸர் பைக்குகளில்தான் சிக்கல். முன்சக்கரம் மேலே ஏறிவிடும். பின்சக்கரம் இன்னும் பலகையில் இருக்கும். நடுவில் 'கரக்' என்று ஒரு சத்தம். வண்டி அப்படியே மாட்டிக்கொள்ளும்.

சைலன்சரில் கீறல் விழுந்தால்கூடப் போகட்டும். இன்ஜினுக்கு அடியில் இருக்கும் ஆயில் போல்ட் அடிபட்டு ஆயில் ஒழுகினால், அதைக் கவனிக்காமல் ஓட்டினால், இன்ஜினே ஜாம் ஆகிவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து, மாட்டிய பைக் பக்கவாட்டில் நிற்பவர் மேல் சாய்வதுதான்.

எங்கே தட்டுகிறது?

பலரும் நினைப்பதுபோல பலகையில் ஏறும்போது அடி தட்டுவதில்லை. பலகை முடிந்து, வண்டியின் தளம் தொடங்கும் அந்த முனையில்தான் தட்டும். இரண்டு சக்கரமும் முனைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என நிற்கும்போது, முனை பைக்கின் வயிற்றை நோக்கி மேலே வரும். பலகை எவ்வளவு செங்குத்தாக இருக்கிறதோ, அவ்வளவு மேலே வரும்.

கணக்கு என்ன சொல்கிறது?

ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியார் 650 பைக்கை எடுத்துக்கொள்வோம். கிரவுண்ட் கிளியரன்ஸ் 13.5 செ.மீ., இரண்டு சக்கரங்களுக்கு இடையே 150 செ.மீ., எடை 241 கிலோ. ஏற்றும் வண்டியின் தளம் தரையிலிருந்து இரண்டரை அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம்.

* 6 அடி பலகை: முனை சுமார் 16 செ.மீ. மேலே வரும். கண்டிப்பாகத் தட்டும். தள்ளுபவர்கள் மேல் வரும் பாரம் சுமார் 100 கிலோ.
* 8 அடி பலகை: முனை சுமார் 12 செ.மீ. வரும். நூலிழையில் தப்பும். பாரம் 75 கிலோ.
* 10 அடி பலகை: முனை சுமார் 9.5 செ.மீ.தான் வரும். தாராளமாகப் போகும். பாரம் 60 கிலோ.

அதாவது, ஆள் பலத்தைக் கூட்டுவதைவிட பலகை நீளத்தைக் கூட்டுவதுதான் புத்திசாலித்தனம்.

நீளப் பலகை கிடைக்கலையா?

8 அடி பலகையின் கீழ் முனைக்கு அரை அடி உயரத்தில் ஆடாத மேடை ஒன்று கொடுத்தால் போதும், 10 அடி பலகையின் சாய்வு கிடைத்துவிடும். அந்த மேடையில் பைக் ஏற இன்னொரு சின்னப் பலகை வேண்டும்.

ஏற்றும் வண்டியின் பின்சக்கரங்களைச் சின்னப் பள்ளத்தில் இறக்கி நிறுத்தலாம். பின்பக்கம் தாழ்வதோடு, தளமும் பலகையின் திசையிலேயே கொஞ்சம் சாய்வதால் முனையின் கூர்மை குறையும். ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைப்பது கட்டாயம்.

முனைக்கு முன்னால் பலகை மேலும், பின்னால் தளத்திலும் இரண்டு அங்குலக் கட்டை ஒவ்வொன்றை நகராமல் பொருத்தலாம். சக்கரங்கள் கட்டைகள் மேல் ஏறும்போது பைக்கின் அடிப்பகுதி சுமார் 5 செ.மீ. உயரும்.

ஏத்தும்போது இதை மறக்காதீங்க

* பைக்கில் உட்கார்ந்து ஓட்டி ஏற்ற வேண்டாம். உட்கார்ந்தாலே சஸ்பென்ஷன் அமுங்கி, இருக்கிற கிளியரன்ஸும் குறையும்.
* பலகையின் மேல் முனையை வண்டியோடு கயிறு போட்டுக் கட்டுங்கள். சக்கரம் ஏறும் வேகத்தில் பலகை பின்னால் நழுவுவதால்தான் பைக் விழுகிறது.
* நீளமான பலகை நடுவில் வளையும். தடிமனானதாகப் பார்த்து எடுங்கள், நடுவில் முட்டுக் கொடுங்கள்.
* தள்ளுபவர் நடக்க, பக்கத்தில் இன்னொரு பலகை போடுங்கள்.
* பக்கத்துக்கு ஒருவர் பிடிக்க, இன்னொருவர் குனிந்து முனையை மட்டும் பார்க்கட்டும். தட்டப்போகிறது என்றால் 'நிறுத்து' சொல்வது அவர் வேலை.

ஏற்றியபின் சைடு ஸ்டாண்டை நம்பி விட்டுவிடக் கூடாது. பைக்கை நேராக நிறுத்தி, முன்சக்கரத்தை முன்பக்கத் தடுப்பில் முட்டவைத்து, முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என பெல்ட் போட்டு இறுக்குங்கள். முன் ஃபோர்க் பாதி அமுங்கினால் போதும்.

இறக்கும்போதும் அதே முனைதான்!

இறங்கும்போது பைக்கின் எடை பின்சக்கரத்துக்குப் போய்விடும். முன்பிரேக்கை மட்டும் பிடித்தால் முன்சக்கரம் வழுக்கும். இன்ஜினை அணைத்து, முதல் கியரில் போட்டு, கிளட்ச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டு இறக்குங்கள். கிளட்ச்சை விட்டதும் பின்சக்கரம் நின்றுவிடும்.

அடுத்த முறை குட்டியானை டிரைவருக்கு போன் போடும்போது வாடகையை மட்டும் கேட்காதீங்க. "அண்ணே, பலகை எத்தனை அடி இருக்கு?" என்றும் கேட்டுடுங்க.