லாயத்து வேலை

குதிரை என்றதும் நம் குடும்பங்களில் பலருக்குப் பந்தயம் நினைவுக்கு வரும். பந்தயம் என்றதும் அடகுக் கடை நினைவுக்கு வரும். பணம் கட்டித் தோற்றவனைச் சேர வேண்டிய பழி, குதிரைக்குத் தண்ணீர் காட்டுகிறவன் தலையிலும் விழுந்துவிடுகிறது. குதிரைப் பந்தயம் திறமையைச் சார்ந்தது, வெறும் சூதாட்டமன்று என்று 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பினால் நாம் அறிந்த எந்த வீட்டிலும் மாதக் கடைசி சுலபமாகிவிடவில்லை. ஆகவே நாமும் அந்த லாயங்களைச் சற்று ஏளனமாகவே எண்ணி வந்தோம். மும்பையில் ரயில்வே குமாஸ்தாவாகப் பல ஆண்டுகள் கழித்து, மகாலக்ஷ்மி நிலையத்தை எத்தனையோ முறை கடந்தும், 1883இல் அமைந்த அந்தப் பந்தய மைதானத்தின் பக்கம் நாம் திரும்பிப் பார்த்ததில்லை.

பார்க்க வைத்தவர் நம் உறவினர் வீட்டுத் தம்பி ஒருவர். பதினெட்டு வயது முதல் சென்னை கிண்டியில் குதிரை பார்த்தவர். 2024 செப்டம்பரில் தமிழக அரசு மைதானத்தின் குத்தகையை ரத்து செய்து வாயிலுக்கு முத்திரையிட்டபோது, இனி என்ன ஆகுமோ என்று அஞ்சி இங்கே வந்து சேர்ந்தார். "பிள்ளையை அந்தச் சாணி அள்ளும் வேலையிலிருந்து மீட்டு, ஓர் ஆபீசில் சேர்த்துவிடுங்கள்" என்று அவருடைய தாயார் நமக்குச் சொல்லியனுப்பினார். நாமும் இரண்டு இடங்களில் சொல்லி வைத்தோம். தம்பியோ அதற்குள் மறுபடியும் ஒரு லாயத்தில் சேர்ந்துவிட்டார். கண்டித்து அழைத்து வருவோம் என்று, அனுமதி பெற்று, ஒரு நாள் முதல் வண்டியைப் பிடித்துச் சென்றோம்.

விடிவதற்கு முன்பே அங்கே வேலை பாதி முடிந்திருந்தது. தம்பி குதிரையின் தோளருகே பேச்சுக் கொடுத்தபடியே சென்றார். நேர் பின்னால் நிற்பவர் குதிரையின் கண்ணுக்குத் தெரியமாட்டார், திடுக்கிட்டால் உதைத்துவிடும். பிறகு அதன் கால்களை ஒவ்வொன்றாக மேலிருந்து கீழே உள்ளங்கையால் தடவினார். கொஞ்சுகிறார் என்று நினைத்தோம்.

"சூடு இருக்கிறதா என்று பார்க்கிறேன், அண்ணா" என்றார்.

முன்னங்காலின் தசைநாரில் சிறிது சூடு கண்டாலும் அன்றைய ஓட்டத்தை நிறுத்திவிட வேண்டுமாம். கவனிக்காமல் ஓட விட்டால் அந்தக் குதிரை மாதக் கணக்கில் நிற்க நேரும். சில சமயம் திரும்ப ஓடவே ஓடாது. குளம்பைத் தூக்கி அடியில் சிக்கிய அழுக்கைக் கெல்லி எடுத்தார். லாடம் ஆடுகிறதா என்று பார்த்தார். முந்தின இரவு வைத்த தீனியில் மீதி எவ்வளவு என்று பார்த்தார். சாணியையும் பார்த்துத்தான் அள்ளினார். அதன் அளவு குறைந்தாலே வயிற்றில் கோளாறு தொடங்குகிறதென்று அர்த்தம். குதிரையால் வாந்தி எடுக்க இயலாது. ஆகவே நமக்கு ஒரு வேளைப் பட்டினியோடு தீர்ந்துபோகும் வயிற்று வலி, 450 கிலோ எடையுள்ள அந்தப் பிராணியின் உயிரையே வாங்கிவிடக்கூடும். அதன் நாடி ஓய்வில் நிமிஷத்திற்கு 30 முதல் 40 வரை இருக்கும் என்றும், அதற்கு மிக அதிகமானால் உடனே வைத்தியரை அழைக்க வேண்டும் என்றும் தம்பி சொன்னார். பள்ளியில் கணக்கில் தவறியவர்!

கண்டிக்கச் சென்ற நாம் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினோம்.

கஷ்டங்களையும் மறைக்கலாகாது. உதையும் கடியும் இத்தொழிலோடு பிறந்தவை. லாயத்து மண்ணிலும் சாணியிலும் தனுர்வாதக் கிருமி இருக்கும். ஆகவே தடுப்பூசி போடாத பிள்ளையை அங்கே அனுப்பக் கூடாது. சவாரிக்காரனாக வேண்டுமென்ற ஆசையில் வரும் சிறுவர்களின் நிலை இன்னும் பரிதாபம். ஜாக்கியின் எடை 50 கிலோவை ஒட்டி நிற்க வேண்டும். வளரும் வயதில் உடம்பு அந்த ஆசையைக் கேட்குமா? இதை நம்பிப் படிப்பை நிறுத்துவது தவறு. மேலும், மழைக் காலத்துப் பந்தயங்கள் புனேயில் நடப்பதால், குதிரைகளோடு ஆட்களும் மலையேறி, குளிர் காலத்திற்கு மறுபடியும் மும்பைக்கு இறங்குகிறார்கள். பிள்ளைகுட்டி உள்ளவர்களுக்குப் பள்ளி ஓரிடம், சம்பளம் ஓரிடம். ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு அதன் வருத்தத்தை விளக்க வேண்டியதில்லை. சம்பளம், விபத்துக் காலச் செலவு ஆகியவற்றைச் சேரும்போதே எழுத்தில் கேட்டு வாங்குமாறு தம்பியிடம் வற்புறுத்தினோம்.

சென்ற மாதம் அவருக்குப் பெண் பார்க்க ஏற்பாடாயிற்று. பெண் வீட்டார் பஜ்ஜி, கேசரியோடு காத்திருந்தார்கள், மாப்பிள்ளை வரவில்லை. அவர் பார்க்கும் குதிரை தரையில் விழுந்து புரளத் தொடங்கியதாகத் தொலைபேசியில் செய்தி வந்தது. இரவெல்லாம் வைத்தியரோடு இருந்து, சொன்னபோது மெல்ல நடத்தி, சொன்னபோது நிறுத்தி, தம்பி கண் மூடவில்லை. பெண்ணின் தந்தையிடம் எப்படிச் சொல்வது என்று நாம்தான் வியர்த்தோம். ஒருவாறு சொன்னோம். அவர் சற்று நேரம் பேசவில்லை.

மறுநாள் காலையில் அவரே நம்மைத் தொலைபேசியில் அழைத்தார். "குதிரைக்கு இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேட்டார். தேறிவிட்டது என்றோம். "அப்படியானால் வருகிற ஞாயிறு மாப்பிள்ளைக்குச் சௌகரியப்படுமா?" என்றார். ஞாயிறு பந்தய நாள். புதன்கிழமை மாலை என்று வைத்திருக்கிறோம்.