மொரிஸ் ரிஷார்: பனித்தரையில் வெடித்த மொழிக் குமுறல்

கனடாவில் உறவினர் இல்லாத தமிழ்க் குடும்பம் இன்று நம்மிடையே அரிது. ஆயினும் அந்நாட்டு மக்கள் குளிர்காலம் முழுவதும் பேசித் தீர்க்கும் ஐஸ் ஹொக்கியைப் பற்றி நாம் அறிந்தது சொற்பமே. அதேவேளை, நமது நாட்டில் சமஷ்டி ஆட்சி குறித்த விவாதம் எழும்போதெல்லாம் கனடாவின் கியூபெக் மாகாணத்தின் பெயர் தவறாது அடிபடுகின்றது. அம்மாகாணத்தின் மொழி எழுச்சியைப் பற்றி எழுதுவோர் 1955 மார்ச் 17ஆம் திகதி இரவைக் குறிப்பிடாமல் செல்வது குறைவு. அன்று தேர்தல் நடைபெறவில்லை, சட்டமெதுவும் நிறைவேறவில்லை. ஒரு ஹொக்கி வீரருக்கு விதிக்கப்பட்ட போட்டித் தடையே அன்றைய கலவரத்துக்குக் காரணம்.

அந்த வீரர் மொரிஸ் ரிஷார். 1921இல் மொன்றியலில் பிரெஞ்சு மொழி பேசும் தொழிலாளர் குடும்பமொன்றில், எட்டுப் பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தவர். தந்தை ரயில்வே பணிமனைத் தொழிலாளி. மகனும் இயந்திரத் தொழில் பயின்று தொழிற்சாலை வேலைக்குச் சென்றவரே. 1942இல் மொன்றியல் கனேடியன்ஸ் அணியில் இடம் கிடைத்தது. முதற் பருவத்திலேயே கால் முறிந்தது. அதற்கு முன்னரும் எலும்பு முறிவுகளுக்கு உள்ளானவர் என்பதால் அவரை வைத்திருப்பதில் பயனில்லை என்று கருதியோர் இருந்தனர். அவர்களுக்கு 1944-45 பருவம் பதிலளித்தது. 50 ஆட்டங்களில் 50 கோல்கள்! தேசிய ஹொக்கி லீக்கில் அதுவரை எவரும் எட்டாத எண்ணிக்கை அது. அப்பருவத்தின் டிசம்பர் 28ஆம் திகதி, பகல் முழுவதும் வீடு மாறுவதற்காகத் தளபாடங்களைச் சுமந்து களைத்திருந்த ரிஷார், இரவு டெற்றொயிற் அணிக்கெதிராக 5 கோல்களை அடித்ததோடு மேலும் 3 கோல்களுக்கு வழிவகுத்தார். லீக்கின் தலைசிறந்த ஆட்டக்காரர் தம் வீட்டுச் சாமான்களைத் தாமே சுமந்த காலம் அது என்பதையும் இச்செய்தி நமக்கு உணர்த்துகின்றது.

அக்காலத் தொழில்முறை வீரரின் நிலையை இங்கு சற்று விளக்குதல் அவசியம். 1942 முதல் 1967 வரை லீக்கில் இருந்தவை ஆறே கழகங்கள். வீரர் கையொப்பமிடும் ஒப்பந்தத்தில் இருந்த ஒரு நிபந்தனை, அவரைக் கழகத்துக்கு ஏறத்தாழ ஆயுட்காலம் முழுவதும் கட்டிப்போட்டது. கழகம் அவரை விற்கலாம், மாற்றலாம், கீழ்நிலை அணிக்கு அனுப்பலாம். அவரோ விரும்பிய கழகத்துக்குச் செல்ல முடியாது. 1957இல் டெற்றொயிற் வீரர் ரெட் லின்ட்சே ஏனைய கழக வீரர்களையும் திரட்டிச் சங்கம் அமைக்க முற்பட்டபோது, அவர் அவ்வாண்டிலேயே சிக்காகோ அணிக்கு மாற்றப்பட்டார். சங்கம் அங்கீகாரம் பெற மேலும் பத்தாண்டுகள் சென்றன. அரங்கத்தில் மன்னராகவும் அலுவலகத்தில் கூலியாளாகவும் வாழ்ந்தவர்கள் அவ்வீரர்கள் என்று கூறின் மிகையாகாது.

ரிஷார் இதனை நேரிலேயே அனுபவித்தார். பிரெஞ்சு வார இதழொன்றில் அவரது பெயரில் வெளியான பத்தியில் லீக்கின் தலைவர் கிளாரன்ஸ் காம்பெல் சர்வாதிகாரி என வர்ணிக்கப்பட்டிருந்தது. 1954இல் அதற்காக அவர் மன்னிப்புக் கோர நேர்ந்தது. ஆயிரம் டொலரைப் பிணைப்பணமாகவும் செலுத்த வேண்டியிருந்தது. பத்தி எழுதுவதும் நின்றது.

1955 மார்ச் 13ஆம் திகதி பொஸ்ரன் நகரில் நடந்த ஆட்டத்தில், முன்பு ரிஷாருடன் ஒரே அணியில் ஆடிய ஹல் லேய்க்கோவின் மட்டை அவரது தலையைக் காயப்படுத்தியது. ஆத்திரமுற்ற ரிஷார் தமது மட்டையால் லேய்க்கோவைத் திரும்பத் திரும்பத் தாக்கினார். தடுக்க வந்த எல்லைக்கோட்டு நடுவரையும் முட்டியால் குத்தினார். அதற்குச் சில மாதங்களுக்கு முன்னரும் நடுவர் ஒருவர்மீது கைவைத்து அபராதம் செலுத்தியவர் அவர். மூன்று நாட்களின் பின்னர் காம்பெல் தீர்ப்பளித்தார்: பருவத்தில் எஞ்சிய மூன்று ஆட்டங்களிலும், அதனையடுத்த ஸ்ரான்லி கிண்ணப் போட்டிகள் அனைத்திலும் ரிஷாருக்குத் தடை.

இத்தண்டனை நியாயமற்றது என்று கூறுவது எளிதன்று. நடுவரைத் தாக்கும் வீரரை எந்த விளையாட்டும் பொறுத்துக்கொள்ள இயலாது. காம்பெல்லும் சட்டம் கற்றவர், முன்னாள் நடுவர். இரண்டாம் உலகப் போரின் பின்னர் போர்க்குற்ற வழக்குகளில் வழக்குத் தொடுநர் தரப்பில் பணியாற்றியவர். ஆனால் மொன்றியலின் பிரெஞ்சு மக்கள் தண்டனையின் அளவை மட்டும் நோக்கவில்லை. அதனை விதித்தவர் யார் என்பதையும் நோக்கினர். தொழிற்சாலையில் மேலாளர் ஆங்கிலேயர். வங்கியில் அதிகாரி ஆங்கிலேயர். பெரிய கடைகளில் பேசப்படும் மொழி ஆங்கிலம். இப்போது தங்கள் வீரருக்குத் தண்டனை விதித்தவரும் ஆங்கிலேயரே. தாங்கள் ஏற்றுக்கொள்ளாத அதிகாரம் வழங்கிய தீர்ப்பு, அது சரியாகவே இருந்தாலும், அவர்களுக்கு அவமதிப்பாகவே தோன்றியது.

அடுத்த நாள் மொன்றியல் அரங்கில் டெற்றொயிற் அணியுடன் ஆட்டம். வரவேண்டாம் என்ற எச்சரிக்கைகளையும் மீறிக் காம்பெல் வந்து தமது வழமையான ஆசனத்தில் அமர்ந்தார். முட்டைகளும் தக்காளிகளும் அவர்மீது பறந்தன. முதற் பகுதி முடிவில் கண்ணீர்ப்புகைக் குண்டொன்று வெடித்தது. அரங்கம் காலிசெய்யப்பட, வெற்றி டெற்றொயிற்றுக்கு வழங்கப்பட்டது. வெளியே சென்ற் கத்தரின் வீதியில் கடைகளின் கண்ணாடிகள் நொறுக்கப்பட்டன; கொள்ளை நடந்தது; பலர் கைதாகினர். மறுநாள் ரிஷார் வானொலியில் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் பேசினார். தண்டனையை ஏற்பதாகவும், அடுத்த ஆண்டு திரும்பிவந்து கிண்ணத்தை வெல்ல உதவுவதாகவும் கூறி, அமைதி காக்குமாறு கேட்டுக்கொண்டார். நகரம் அடங்கியது. அப்பருவத்தின் புள்ளிப் பட்டத்தை ஒரேயொரு புள்ளியால் அவரை முந்திச்சென்று வென்றவர் சக வீரர் பேர்னாட் ஜெஃப்ரியோன். அவரும் பிரெஞ்சுக்காரர்தான், ஆயினும் ரிஷாரை முந்தியமைக்காகச் சொந்த அரங்கிலேயே கூச்சலிட்டு இழிவுபடுத்தப்பட்டார். மக்கள் சினம் எப்போதும் நீதி பார்த்துப் பாய்வதில்லை.

சில நாட்களில் 'லு டெவுவார்' நாளிதழில் பத்திரிகையாளர் அந்திரே லோரன்டோ எழுதிய கட்டுரை, இது வெறும் விளையாட்டு இரசிகர்களின் ஆத்திரமன்று, ஒரு மக்கட் கூட்டத்தின் அடக்கிவைத்த உணர்வு என்று இனங்கண்டது. அவரே பின்னர், 1963இல் கனேடிய அரசு நியமித்த இருமொழி, இருபண்பாட்டு ஆணைக்குழுவின் இணைத் தலைவரானார். 1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, கியூபெக்கின் 14 இனக்குழுக்களை வருமான அடிப்படையில் வரிசைப்படுத்தியபோது, சனத்தொகையில் ஏறத்தாழ 80 சதவீதமான பிரெஞ்சு வம்சாவளியினர் 12ஆவது இடத்திலேயே இருந்தனர் என்பதை அந்த ஆணைக்குழு வெளிப்படுத்தியது. கண்ணாடிகள் ஏன் நொறுங்கின என்பதை இந்த எண்கள் ஓரளவு சொல்லும்.

எனினும், 1960இல் தொடங்கிய 'அமைதிப் புரட்சி'யை இக்கலவரமே ஈன்றது என்று சிலர் எழுதுவது மிகைக்கூற்று. முதலமைச்சர் டுப்ளெசியின் நீண்ட ஆட்சி 1959இல் அவரது மரணத்துடன் முடிவுற்றமை, கல்வி பெற்ற புதிய தலைமுறையின் எழுச்சி, திருச்சபையின் பிடி தளர்ந்தமை எனக் காரணங்கள் பல. ரிஷாரும் மொழிப் போராளியல்லர். தாம் ஒரு ஹொக்கி ஆட்டக்காரர் மட்டுமே என்பதுதான் அவரது நிலைப்பாடு. பிரெஞ்சை வேலைத்தலங்களின் மொழியாகவும் ஆக்கிய 101ஆம் இலக்கச் சட்டம் 1977இல்தான் வந்தது.

வானொலியில் கொடுத்த வாக்கை அவர் காப்பாற்றினார். 1956 முதல் 1960 வரை கனேடியன்ஸ் அணி தொடர்ச்சியாக ஐந்து முறை கிண்ணத்தை வென்றது. அவற்றில் கடைசி நான்கின்போது அணித்தலைவர் அவரே. 978 ஆட்டங்கள், 544 கோல்கள் என்ற கணக்குடன் 1960இல் ஓய்வு பெற்றார். அதன்பின் கழகம் வழங்கிய பதவி பெயரளவிலானது என்று மனம் கசந்து விலகினார். மீன்பிடி நரம்பு வியாபாரம் செய்தார். தலைமயிர்ச் சாய விளம்பரத்திலும் தோன்றினார். 1972இல் கியூபெக் நோர்டிக்ஸ் அணியின் பயிற்றுநரானவர், இரண்டே ஆட்டங்களுடன் அப்பொறுப்பைத் துறந்தார்.

1996 மார்ச்சில் பழைய மொன்றியல் அரங்கம் மூடப்பட்ட இரவில், 74 வயதான ரிஷார் பனித்தரைக்கு அழைக்கப்பட்டபோது, கரவொலி நெடுநேரம் ஓயவில்லை. அவர் கையசைத்துப் போதுமென்று சைகை காட்டியும் பயனில்லை. 2000 மே 27இல் அவர் மறைந்தபோது கியூபெக் அரசு அரச மரியாதையுடன் இறுதிச்சடங்கு நடத்தியது. அம்மாகாணத்தில் விளையாட்டு வீரர் ஒருவருக்கு அவ்வாறு நடத்தப்பட்டது அதுவே முதற் தடவை.