ஒரு வளையமும் சில துளி எண்ணெயும்

நுழையும்முன்

பெரிய இயந்திரம் நின்றுபோவதற்குப் பெரிய பழுதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. உள்ளங்கையில் அடங்கும் ஒரு வளையம் உலர்ந்துவிட்டாலே அது செயலற்றுப் போகலாம். அத்தகைய வளையம் ஒன்றைப் பற்றி இப்பாடத்தில் அறிவோம்.

பீச்சாங்குழல் தரும் பாடம்

மாணவர்களே! ஹோலிப் பண்டிகையின்போது பீச்சாங்குழலில் வண்ணநீரை நிரப்பி விளையாடியிருப்பீர்கள். புதிய குழலிலிருந்து நீர் நெடுந்தொலைவு பாயும். பழைய குழலிலோ கைப்பிடியை எவ்வளவு அழுத்தினாலும் நீர் அருகிலேயே விழும். எஞ்சிய நீர் பின்புறமாகக் கசிந்து உங்கள் சட்டையை நனைக்கும். குழலுக்குள் தண்டின் முனையில் உள்ள வளையம் தேய்ந்துபோனதே இதற்குக் காரணமாகும்.

தண்டு முன்னும் பின்னும் இயங்கி நீர்மத்தை உறிஞ்சி வெளியேற்றும் கருவிக்கு முன்பின் இயங்கும் எக்கி என்று பெயர். எக்கியைப் பேச்சு வழக்கில் ‘பம்பு’ என்கிறோம். உழவர் மருந்து தெளிக்கும் தெளிப்பான்களுள் பலவும் இவ்வகை எக்கியால் இயங்குபவையே. அவற்றின் உயிர்நாடி, தண்டின் முனையில் பொருத்தப்பட்ட அடைப்பு வளையம். பட்டறைக்காரர் இதனை ‘வாஷர்’ என்பர்.

காப்பித் தோட்டத்தில் தெளிப்பான்

பெங்களூரின் தெருக்களில் காலையில் மணக்கும் காப்பி எங்கே விளைகிறது? குடகு, சிக்கமகளூரு, ஹாசன் ஆகிய மாவட்டங்களின் மலைச்சரிவுகளில் விளைகிறது. இந்தியாவின் காப்பி விளைச்சலில் ஏறத்தாழ 70 விழுக்காட்டைக் கர்நாடக மாநிலமே தருகிறது. இந்தியக் காப்பி வாரியத்தின் தலைமையகமும் பெங்களூரில்தான் உள்ளது.

காப்பிச் செடிக்குக் கொடும்பகை, இலைத்துரு நோய். இஃது ஒருவகைப் பூஞ்சையால் வருவது. 1869ஆம் ஆண்டில் இலங்கையின் காப்பித் தோட்டங்களில் இந்நோய் கண்டறியப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற தொழிலாளர்களின் உழைப்பால் தழைத்திருந்த அத்தோட்டங்கள், அடுத்த சில பத்தாண்டுகளில் பெரிதும் அழிந்தன. அவை இருந்த இடங்களில் தேயிலை பயிரிடப்பட்டது. இந்தியத் தோட்டங்களையும் இந்நோய் தாக்கியது. காப்பிப் பயிரை ஆராய்வதற்காக 1925ஆம் ஆண்டில் சிக்கமகளூரு மாவட்டத்தின் பாலெஹொன்னூரில் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது.

இலைத்துரு நோயைத் தடுக்கத் தெளிக்கப்படுவது போர்டோ கலவை. மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் நீரில் கலந்து இதனை உருவாக்குவர். பிரான்சு நாட்டின் போர்டோ நகரில் பணியாற்றிய மில்லார்தே என்னும் அறிஞர், திராட்சைக் கொடியைக் காக்கும் மருந்தாக 1885ஆம் ஆண்டில் இதனை அறிவித்தார். காப்பித் தோட்டங்களில் பருவமழைக்கு முன்னும் பின்னும் இதனைத் தெளிக்கின்றனர்.

நோய்ப்பூஞ்சை, இலையின் அடிப்புறத்தில் உள்ள நுண்துளைகளின் வழியே உட்புகும். ஆதலால் மருந்து இலையின் அடிப்புறத்தில் பனிபோலப் படிய வேண்டும். அதற்கு நல்ல அழுத்தம் தேவை. ஒருவர் நெம்புகோலை முன்னும் பின்னும் ஆட்டி அழுத்தம் உண்டாக்குவார். மற்றொருவர் நீண்ட குழாயின் முனையைச் செடிக்கு அடியில் பிடித்துத் தெளிப்பார். அடைப்பு வளையம் பழுதுற்றால் அழுத்தம் குறையும். மருந்து பெருந்துளிகளாகச் சிதறி மண்ணில் விழும். உழைப்பவர் களைத்துப்போவார், இலையோ மருந்தின்றி நிற்கும்.

தோல் வளையம் இயங்கும் முறை

இத்தகைய தெளிப்பான்களில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்தது தோலால் ஆன வளையம். இது தட்டையாக இராது. சிறு கிண்ணம்போல விளிம்பு உயர்ந்திருக்கும். கிண்ணத்தின் வாய், அழுத்தம் உண்டாகும் பக்கத்தை நோக்கியிருக்க வேண்டும். தண்டு நீர்மத்தைத் தள்ளும்போது, நீர்மம் கிண்ணத்தின் விளிம்பை வெளிப்புறமாக விரிக்கும். விரிந்த விளிம்பு உருளையின் சுவரோடு ஒட்டிக்கொண்டு கசிவைத் தடுக்கும். அழுத்தம் கூடக்கூட அடைப்பும் இறுகும். வளையத்தைத் தலைகீழாகப் பொருத்தினால் இவ்வியல்பு முற்றிலும் கெட்டுவிடும்.

எண்ணெய் செய்யும் பணி

சுவரோடு இறுக ஒட்டவும் வேண்டும். தடையின்றி வழுக்கிச் செல்லவும் வேண்டும். ஒன்றுக்கொன்று மாறான இவ்விரு தேவைகளையும் இணைத்து வைப்பது எண்ணெயே. இவ்வாறு உராய்வைக் குறைக்க எண்ணெயிடுதலை ‘உயவிடுதல்’ என்பர்.

தோலில் எண்ணற்ற நுண்துளைகள் உண்டு. புதிய வளையத்தை எண்ணெயில் ஊறவைத்தால் அத்துளைகள் எண்ணெயை ஏற்றுக்கொள்ளும்; தோல் மென்மையாகி எளிதில் விரியும். வளையத்திற்கும் உருளைக்கும் இடையே மெல்லிய எண்ணெய்ப் படலம் உருவாகும். உராய்வும் தேய்மானமும் குறையும். எண்ணெயின்றி உலர்ந்த தோல் சுருங்கி, விறைத்து, வெடித்துவிடும்.

எல்லா வளையத்திற்கும் ஒரே எண்ணெய் பொருந்தாது. இயற்கை இரப்பரால் ஆன வளையத்தில் இயந்திர எண்ணெயை இட்டால் அஃது உப்பிக் கெட்டுவிடும். வளையம் எப்பொருளால் ஆனது என்று அறிந்தே எண்ணெயைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எண்ணெய் இட்டால் மட்டும் போதாது. சுண்ணாம்பில் கலந்துள்ள மணல் துகள்கள் வளையத்தையும் உருளையையும் அராவும். எனவே கலவையைத் துணியால் வடிகட்டி ஊற்ற வேண்டும். வேலை முடிந்ததும் தூயநீரை எக்கியின் வழியே செலுத்திக் கழுவ வேண்டும்.

கசிவு தரும் கேடு

முதுகில் சுமந்து தெளிக்கும் கருவியும் உண்டு. அதில் அடைப்பு வளையம் பழுதுற்றால், மருந்து கசிந்து சுமப்பவரின் முதுகை நனைக்கலாம். போர்டோ கலவை கண்ணையும் தோலையும் உறுத்தும். பூச்சிக்கொல்லிகளுள் சில தோலின் வழியாகவே உடலுக்குள் புகுந்து நஞ்சாகும். ஆகவே வளையத்தைப் பேணுவது கருவியைப் பேணுவது மட்டுமன்று. அதனைச் சுமக்கும் மனிதரைப் பேணுவதும் ஆகும்.

நம் நகரத்துத் தெளிப்பான்

இதே முறையில் இயங்கும் கருவியை நீங்கள் பெங்களூரிலும் காணலாம். உயர்ந்த கட்டடங்களுக்கு வண்ணம் பூசுவோர் பயன்படுத்தும் காற்றில்லா வண்ணத் தெளிப்பானிலும் முன்பின் இயங்கும் எக்கி உண்டு. அதன் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 200 மடங்கு வரை உயரும். தண்டு உருளைக்குள் நுழையும் வாயிலில் அடைப்பு வளையங்கள் அடுக்கப்பட்டிருக்கும். அவற்றின்மேல் ஒரு சிறு கிண்ணம் இருக்கும். வேலை தொடங்குமுன் அக்கிண்ணத்தில் சில துளி உயவு நீர்மம் இடுவர். இடாவிட்டால் தண்டில் ஒட்டிய வண்ணம் உலர்ந்து உப்புத்தாள்போல் சொரசொரப்பாகும். அது மேலும் கீழும் இயங்கும்போது வளையங்களை அறுத்துவிடும். இக்கருவியின் பீச்சு தோலையே துளைக்கவல்லது. ஆதலால் மாணவர்கள் இதனைத் தொடுதல் கூடாது.

முடிவுரை

உப்பு வணிகர் மேடுபள்ளம் நிறைந்த வழியில் செல்லும்போது, வண்டியின் அடியில் கூடுதல் அச்சு ஒன்றைக் கட்டிச் சென்றதைப் புறநானூற்றின் 102ஆம் பாடல் குறிப்பிடுகிறது. பழுது நேருமுன்னே அதற்கு ஆயத்தமாக இருப்பது நம் முன்னோர் வழக்கம். மாற்று வளையம் ஒன்றையும் எண்ணெய்ப் புட்டி ஒன்றையும் உடன் கொண்டு செல்லும் இன்றைய தொழிலாளரும் அவ்வழி வந்தவரே. சிறியது என்று எதனையும் புறக்கணியாமல் பேணுவோம்.

சொல்லும் பொருளும்

எக்கி – நீர்மத்தை உறிஞ்சித் தள்ளும் கருவி
உயவு – உராய்வைக் குறைக்கும் வழுவழுப்பு
மயில்துத்தம் – செம்பு கலந்த நீலநிற உப்பு
அராவுதல் – தேய்த்து அரித்தல்

கற்பவை கற்றபின்

1. தோல் வளையம் கிண்ணவடிவில் அமைந்திருப்பது ஏன்? உம் சொற்களில் எழுதுக.
2. உம் வீட்டில் எண்ணெயிட்டுப் பேணப்படும் பொருள்கள் யாவை? பெற்றோரிடமோ தாத்தா பாட்டியிடமோ கேட்டு, அவர்கள் வழங்கும் தமிழ்ப் பெயர்களோடு பட்டியலிடுக.