நாய்க்கடி: காய்ச்சல் வரவில்லை என்று ஊசியை நிறுத்தாதீர்கள்

“கீறல்தான், ரத்தமே வரலை.” “நம்ம வீட்டு நாய்தான், அதுக்கு ஊசி போட்டாச்சு.” “ரெண்டு ஊசி போட்டேன், காய்ச்சல்கூட இல்லை, மூணாவது எதுக்கு?” நாய்க்கடிக்குப் பிறகு இந்தப் பேச்சு எழாத ஊர் இல்லை. இதில் கடைசியாகச் சொன்னதுதான் ஆபத்தானது. ரேபிஸில் உடம்பு அமைதியாக இருப்பது நல்ல சேதி அல்ல.

வைரஸ் நுழைந்த செல், இன்டர்ஃபெரான் என்ற புரதத்தைச் சுரந்து பக்கத்துச் செல்களை எச்சரிக்கும். அந்தச் செல்களுக்குள் ஸ்டாட்-1, ஸ்டாட்-2 என்னும் புரதங்கள் எச்சரிக்கையை உட்கருவுக்குக் கொண்டுபோக, வைரஸை எதிர்க்கும் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் விழித்துக்கொள்ளும். ரேபிஸ் வைரஸிடம் இருப்பது ஐந்தே புரதங்கள். அதில் ‘பி’ புரதம் இன்டர்ஃபெரான் சுரப்பையே மட்டுப்படுத்துகிறது. அதையும் மீறிச் சுரந்தால், தபால்காரரை வாசலில் மறிப்பதுபோல ஸ்டாட்-1ஐப் பிடித்து உட்கருவுக்கு வெளியிலேயே நிறுத்திவிடுகிறது. இந்தப் பிடி தளரும்படி மாற்றப்பட்ட வைரஸ், சோதனை எலிகளில் வீரியம் இழந்தது. பிடி இருக்கும்வரை வைரஸ் நரம்பு வழியே சந்தடியில்லாமல் மூளைக்கு ஏறும். அறிகுறி தெரியப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும். சிலருக்கு ஓராண்டுகூட ஆகலாம். தண்ணீரைக் கண்டு தொண்டை இறுகத் தொடங்கிவிட்டால் எந்த மருத்துவராலும் காப்பாற்றுவது அரிது.

ஆகவே கடிபட்ட உடனே, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். ரத்தம் வராத கீறலுக்கும் தடுப்பூசி உண்டு. டி.டி. (டெட்டனஸ்) ஊசி வேறு, நாய்க்கடி ஊசி வேறு, டி.டி. மட்டும் போட்டு அனுப்பினால் நகராதீர்கள். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பயமும் வேண்டாம், அது ஒழிந்து இருபது ஆண்டு ஆகிறது. இப்போது தோலுக்குள் போடுவதென்றால் 0, 3, 7, 28ஆம் நாள்கள். தசையில் என்றால் 14ஆம் நாளும் சேரும். ‘0’ என்பது முதல் ஊசி போட்ட நாள், கடிபட்ட நாள் அல்ல.

தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால், அல்லது எச்சில் கண்ணிலோ வாயிலோ பட்டிருந்தால், அது நாய்க்கடி வகைப்பாட்டில் மூன்றாம் பிரிவு. ஓ.பி. சீட்டில் அப்படியே எழுதச் சொல்லுங்கள். தடுப்பூசி வேலை செய்ய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அந்த இடைவெளியை அடைப்பது காயத்துக்குள்ளும் அதைச் சுற்றியும் போடும் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்து. இங்கேதான் “ஸ்டாக் இல்லை, நாளைக்கு வாங்க” என்று அலட்சியமாக அனுப்பிவிடுகிறார்கள். நாளைக்கு வராதீர்கள். பரிந்துரைச் சீட்டை எழுதி வாங்கிக்கொண்டு, அன்றே மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போங்கள். தமிழ்நாட்டில் வழி தெரியாவிட்டால் 104ஐ அழையுங்கள். முதல் தடுப்பூசியிலிருந்து 7 நாள் தாண்டினால் அந்த மருந்தைப் போடமாட்டார்கள். அரசு மருத்துவமனையில் இதற்குக் காசு கேட்கக் கூடாது.

ஊசிச் சீட்டைக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெளியூர் போனாலும் அதைக் காட்டி அங்குள்ள அரசு மருத்துவமனையில் அடுத்த ஊசியைக் கேளுங்கள். காய்ச்சல் இல்லை, காயம் ஆறிவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள். தேதி தவறிவிட்டதா? நினைவு வந்த அன்றே போய்ப் போட்டுக்கொள்ளுங்கள். முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.