பாமாயில் டின்னும் இந்தோனேசியக் கணக்கும்

எண்ணெய் ஏற்றுமதி நாடு என்றால் சவுதியும் குவைத்தும்தான் நினைவுக்கு வரும். மளிகை வியாபாரிகளான நமக்கோ அது இந்தோனேசியா. நம் நாட்டின் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதி. அதில் முதலிடம் பாமாயிலுக்கு. கும்மிடிப்பூண்டி சிப்காட் கேன்டீன்களும் திருவள்ளூர் பலகாரக் கடைகளும் நம்மிடம் டின் டின்னாக எடுப்பது இதைத்தான்.

இந்தோனேசியாவும் ஒரு காலத்தில் பெட்ரோலியம் விற்ற நாடு. 1962-ல் ஒபெக்கில் சேர்ந்தது. பிறகு கிணறுகளில் வரத்து குறைந்து, உள்நாட்டுத் தேவை கூடி, பெட்ரோலியத்தை வாங்கும் நாடாகிவிட்டது. டீசலுக்குப் போகும் டாலரை மிச்சப்படுத்த, பாமாயிலிலிருந்து எடுக்கும் எரிபொருளை டீசலில் கலக்கிறார்கள். 2020-ல் 30 சதவீதம், 2023-ல் 35, 2025-ல் 40. நம் வாணலிக்கு வர வேண்டியது அங்கே லாரி டேங்கிற்குப் போகிறது. இந்தக் கலப்புக்கு ஆகும் மானியம் ஏற்றுமதித் தீர்வையிலிருந்து வருகிறது. 2025 மே மாதம் அதை 7.5-லிருந்து 10 சதவீதமாக உயர்த்தினார்கள்.

2022-ஐ வியாபாரிகள் மறந்திருக்க மாட்டார்கள். உக்ரைன் போரால் சூரியகாந்தி எண்ணெய் வரத்து தடைபட்ட நேரம். உள்நாட்டில் விலை எகிறியதால் ஏப்ரல் 28 முதல் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது. இனி சரக்கே வராது என்று இங்கே பேச்சு கிளம்பியது. வட்டிக்குக் கடன் வாங்கி டின் அடுக்கியவர்களும் உண்டு.

ஆனால் ஏற்றுமதியை நம்பிப் பிழைக்கும் நாடு எத்தனை நாள் கதவைச் சாத்தி வைக்கும்? ஆலைத் தொட்டிகள் நிரம்பின. பழக்குலைக்கு விலையில்லாமல் விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். மே 23-ல் தடை நீங்கியது. மார்ச்சில் டன்னுக்கு 7,000 ரிங்கிட்டைத் தாண்டிய மலேசியச் சந்தை விலை ஜூலையில் 4,000-க்குக் கீழே இறங்கிற்று. உச்ச விலையில் வாங்கி வைத்தவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள். ஜகார்த்தாவில் தொட்டி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பது நம் கடைச் சாவிக்கொத்து அளவுக்கு முக்கியம் என்று அன்று புரிந்தது.

டில்லியின் வரியும் இருக்கிறது. கச்சா பாமாயில் மீதான அடிப்படை வரி 2024 செப்டம்பரில் 20 சதவீதமானது. 2025 மே கடைசியில் 10 ஆனது. இந்த மாதிரி அறிவிப்பு ராத்திரியில் வரும், காலையில் ரேட் மாறியிருக்கும்.

மலேசியச் சந்தை விலை, கச்சா எண்ணெய் விலை, டாலர் மதிப்பு, ஜகார்த்தாவின் தீர்வை ஆகிய நான்கையும் வாரம் ஒருமுறை சங்கப் பலகையில் எழுதிப் போடலாம். சின்னக் கடைக்காரர் பண்டிகைக் கொள்முதலுக்கு முன் ஒரு நடை வந்து பார்த்துப் போவார்.