உஷார்! தேம்ஸ் கரையில் மலிவு விலைப் படகு

செப்டம்பர் பிறந்துவிட்டால் தேம்ஸ் கரையில் இந்த விளம்பரங்கள் பெருகிவிடும். "பழைய கேபின் குரூஸர். எஞ்சின் ஓடுகிறது. கொஞ்சம் கைவேலை பார்த்தால் போதும்." விலையைப் பார்த்தால் ஒரு நல்ல சைக்கிள் வாங்கும் பணம்தான். சில படகுகளை இலவசமாகவே எடுத்துப்போகச் சொல்கிறார்கள். கிங்ஸ்டன், நியூ மோல்டன் பக்கம் குடியிருக்கும் நம்மவர்களுக்கும் ஆற்றைப் பார்க்கப் பார்க்க அந்த ஆசை வருவது இயல்பு. ஆனால் தயவுசெய்து முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

செப்டம்பரில் ஏன் விற்கிறார்கள் என்று முதலில் யோசியுங்கள். குளிர்காலம் முழுக்கப் படகைக் கட்டிவைக்க வாடகை கட்ட வேண்டும். பழைய எஞ்சின்கள் பலவற்றில் ஆற்றுத் தண்ணீரே உள்ளே ஓடிச் சூட்டைத் தணிக்கிறது. உறைபனிக்கு முன் அந்தத் தண்ணீரை வடிக்காவிட்டால், அது உறைந்து விரிந்து இரும்பையே பிளந்துவிடும். இந்த இரண்டு செலவையும் உங்கள் தலையில் கட்டத்தான் அந்த அவசரம். போன குளிரிலேயே எஞ்சின் பிளந்திருக்கவும் கூடும். ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவிப் பாருங்கள். ஆயில் பால் விட்ட காப்பி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. அந்தப் படகை அப்படியே விட்டுவிட்டு வாருங்கள்.

"சேஃப்டி சர்டிஃபிகேட் இன்னும் இரண்டு வருஷத்துக்கு இருக்கு" என்பார் விற்பவர். புதிதாக வாங்குகிறவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். போட் சேஃப்டி ஸ்கீம் சான்றிதழ் 4 ஆண்டுகளுக்குச் செல்லும். அது இல்லாமல் டெடிங்டன் லாக்குக்கு மேலே உள்ள தேம்ஸில் படகைப் பதிவு செய்ய முடியாது. ஆனால் அந்தச் சோதனை பார்ப்பது எரிபொருள், கேஸ், மின்சாரம், தீத்தடுப்பு போன்றவற்றை. படகின் அடிப்பாகம் உறுதியாக இருக்கிறதா, எஞ்சின் நல்ல நிலையில் இருக்கிறதா என்பதெல்லாம் அதன் வேலையே இல்லை. சான்றிதழ் கையில் இருக்கும்போதே படகு மூழ்கலாம்.

அதனால் என் பேச்சு ஒன்றுதான்: படகைத் தண்ணீரிலிருந்து வெளியே தூக்கி, நீங்கள் அமர்த்திய சர்வேயர் பார்க்கும்வரை பணம் கைமாறக் கூடாது. கிரேன் கூலியும் சர்வே கட்டணமும் சேர்ந்தால் படகின் விலையையே தாண்டலாம். தாண்டட்டும். பழைய படகு என்றால் காப்பீட்டு நிறுவனமே பெரும்பாலும் சர்வே அறிக்கை கேட்கும்; எப்படியும் தப்ப முடியாத செலவை முதலிலேயே செய்துவிடுவது நல்லது. "வேண்டாம், நான் உத்தரவாதம்" என்று தூக்கவிடாத விற்பனையாளரிடம் அதற்கு மேல் பேசவே பேசாதீர்கள்.

வெளியே தூக்கியதும் சர்வேயர் கூடவே நின்று பாருங்கள். ஃபைபர் கிளாஸ் அடிப்பாகத்தில் சிறு சிறு கொப்புளங்கள் தெரியலாம். ஒன்றைக் குத்தினால் பிசுபிசுப்பான நீர் கசிந்து, வினிகர் போலப் புளித்த வாடை அடித்தால், தண்ணீர் வருஷக்கணக்காக உள்ளே ஊறியிருக்கிறது. அதைவிட எனக்கு அதிகக் கவலை தருவது நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் பித்தளை வால்வுகள். லேசாகச் சுரண்டிப் பாருங்கள். மஞ்சள் தெரிந்தால் சரி. இளஞ்சிவப்பாக இருந்தால் அதிலிருந்த துத்தநாகம் கரைந்துபோய்விட்டது. மிஞ்சியிருப்பது சொத்தையான செம்பு. கையால் அழுத்தித் திருப்பினாலே முறியும். முறிந்தால் அந்த ஓட்டை வழியாக ஆறே உள்ளே வரும். ஸ்டெர்ன் டிரைவ் வைத்த படகில் பின்பக்க ரப்பர் உறையின் மடிப்புகளையும் விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அது கிழிந்தால், கட்டிப்போட்ட இடத்திலேயே இரவோடு இரவாகப் படகு முங்கிவிடும்.

காகிதங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆற்றில் படகைப் பதிவு செய்திருப்பது உடைமைக்கு அத்தாட்சி ஆகாது. முந்தைய விற்பனை ரசீதுகளை வரிசையாகக் கேளுங்கள். கட்டிவைத்த இடத்துக்கு வாடகை பாக்கி உண்டா என்று அந்தப் படகுத்துறையிலேயே நேரில் போய் விசாரியுங்கள்.

பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். நான் பதறுவது உயிருக்காக.

1960, 70களில் கட்டிய ஃப்ரீமேன் போன்ற குரூஸர்களில் பெட்ரோல் எஞ்சின்கள் ஏராளம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. சமையல் கேஸும் அப்படித்தான். கசிந்தால் வெளியே போகாமல், தரைப்பலகைக்குக் கீழே உள்ள பள்ளத்தில் தங்கிவிடும். 2021 செப்டம்பர் முதல் பிரிட்டன் பெட்ரோல் பங்க்குகளில் சாதாரண பெட்ரோல் என்றாலே 10 சதவீதம் வரை எத்தனால் கலந்த இ10தான். பழைய ரப்பர் குழாய்களை அது அரித்துவிடும். இதற்கு நடுவே, விலை குறைவு என்று கார் ஸ்டார்ட்டர் மோட்டாரை வாங்கி மாட்டுகிறார்கள். படகுக்கான மோட்டாரில் தீப்பொறி வெளியே வராதபடி தடுப்பு இருக்கும். கார் மோட்டாரில் அது கிடையாது. உருவத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். தேங்கிய ஆவி வெடிக்கச் சாவியைத் திருப்பும் ஒரு நொடி போதும்.

அடுத்த ஆபத்து, புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு. அதற்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. 2013இல் விண்டர்மியர் ஏரியில் ஆர்னிஸ்டன் என்ற படகில் ஒரு தாயும் அவருடைய 10 வயது மகளும் இறந்தார்கள். சொந்தமாக மாற்றியமைத்த ஜெனரேட்டர் புகைக்குழாய் கழன்று, புகை அறைக்குள் புகுந்தது. 2016இல் நார்ஃபோக்கின் ராக்ஸமில், லவ் ஃபார் லிடியா என்ற படகில் எஞ்சின் புகையால் இருவர் இறந்தார்கள். அதில் கார்பன் மோனாக்சைடு அலாரமே இல்லை. 2019 ஏப்ரலிலிருந்து, தங்கும் அறையுள்ள படகுகளுக்கு போட் சேஃப்டி ஸ்கீம் இந்த அலாரத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. பழைய படகில் ஒரு பழைய அலாரம் தொங்குவதை நம்பாதீர்கள். அதற்கும் காலாவதித் தேதி உண்டு.

ஏற்கனவே வாங்கிவிட்டீர்களா? அப்படியானால் பெயிண்ட் வாங்கும் முன் இ.என் 50291-2 என்று குறித்த அலாரம் ஒன்று வாங்கி மாட்டுங்கள். படகு வேலைக்குத் தகுதிபெற்ற கேஸ் சேஃப் பதிவுள்ள ஆள் வந்து பார்க்கும்வரை சிலிண்டரைத் திறக்காதீர்கள். பெட்ரோல் நிரப்பும்போது குடும்பத்தார் எல்லோரும் கரையில் நிற்கட்டும். ஒவ்வொரு தடவையும் எஞ்சின் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து, காற்றூதியை நாலைந்து நிமிடம் ஓடவிட்டு, அதன் பிறகே சாவியில் கை வையுங்கள். வாடை வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாமல் எல்லோரையும் இறக்கிவிடுங்கள்.