பாட்டியின் பாஷையில் ஒரு கதை நேரம்



ஞாயிறு ஆராதனையில் உங்கள் அருகே நிற்கும் பிள்ளையின் கையிலுள்ள பாடல் தாளை என்றாவது கவனித்ததுண்டா? தமிழ்ப் பாடலை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடுகிற பிள்ளைகள் மும்பையிலும் பெங்களூருவிலும் தில்லியிலும் உள்ள நம் சபைகளில் இன்று அநேகர். பிழைப்பைத் தேடி வந்த நாம், நம் பிள்ளைகளுக்கு நல்ல பள்ளியைத் தேடிக் கொடுத்தோம். பள்ளியும் அவர்களுக்கு ஆங்கிலத்தையும் இந்தியையும் கற்றுக்கொடுத்தது. ஆனால் ஊரிலிருந்து பாட்டி தொலைபேசியில் அழைக்கும்போது, நலம் விசாரித்த பின்பு பேசுவதற்குப் பேரப்பிள்ளைக்கு வார்த்தையில்லை.

இந்தப் பாரம் நமக்கு மட்டும் உரியதன்று. ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்பு நியூயார்க் மாநகரில் இதே பாரத்தைச் சுமந்த ஒரு பெண்மணி இருந்தார். அவர் ஊழியக்காரர் அல்லர். பொது நூலகத்தின் சிறுவர் பிரிவில் பணியாற்றிய நூலகர். பூரா பெல்ப்ரே என்பது அவர் பெயர்.

நாடு மாறவில்லை, மொழி மாறிற்று

கரீபியன் கடலிலுள்ள புவேர்ட்டோ ரிக்கோ தீவு அவருடைய தாய்மண். அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட அத்தீவின் மக்களுக்கு 1917ஆம் ஆண்டில் அமெரிக்கக் குடியுரிமை வழங்கப்பட்டது. வேலை தேடி நியூயார்க்குக்கு வந்த அவர்கள் சட்டப்படி அந்நியர் அல்லர். ஆயினும் அவர்கள் வீட்டில் பேசிய மொழி ஸ்பானியம். வீதியிலும் பள்ளியிலும் ஒலித்ததோ ஆங்கிலம். சொந்த தேசத்துக்குள்ளேயே மொழியால் அந்நியராவது எப்படிப்பட்டது என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆசிரியையாகும் எண்ணத்துடன் கல்லூரியில் சேர்ந்திருந்த பெல்ப்ரே, 1920இல் சகோதரியின் திருமணத்திற்காக நியூயார்க் வந்து, அங்கேயே தங்கினார். முதலில் கிடைத்தது ஆடைத் தொழிற்சாலை வேலை. மறு ஆண்டில் ஹார்லெம் பகுதியிலுள்ள 135ஆம் தெரு நூலகக் கிளைக்கு ஸ்பானியம் அறிந்த உதவியாளர் ஒருவர் தேவைப்பட்டார். அந்தப் பணிக்கு எடுக்கப்பட்ட பெல்ப்ரே, நியூயார்க் பொது நூலகத்தில் அமர்த்தப்பட்ட முதல் புவேர்ட்டோ ரிக்கோ பெண்மணியானார்.

சிறுவர் பிரிவின் அலமாரிகளில் பல தேசத்துக் கதைகள் இருந்தன. தம் பாட்டி சொல்லிய கதைகளை அவர் அங்கே தேடினார், ஒன்றும் இல்லை. அவர் சோர்ந்துபோகவில்லை. பாட்டியிடம் கேட்ட கதைகளைத் தாமே சொல்லத் தொடங்கினார். பெரெஸ் என்னும் எலியையும் மார்த்தினா என்னும் கரப்பான் பூச்சியையும் பற்றிய அந்தப் பழங்கதை, 1932இல் அவர் பெயரில் நூலாக வெளிவந்தது. இல்லாத புத்தகத்திற்காகப் புலம்பாமல், அதை எழுதி அலமாரியில் வைத்தார்.

கதவைத் திறந்த கதைகள்

1929இல் அவர் 115ஆம் தெருக் கிளைக்கு மாற்றப்பட்டார். அங்கே ஆங்கிலத்திலும் ஸ்பானியத்திலும் கதை நேரம் நடத்தினார். கையால் செய்த பொம்மைகளைக் கொண்டு கதைகளை நடித்துக் காட்டினார். கீழ்த்திசை ஞானிகளை நினைவுகூரும் ஜனவரி 6ஆம் நாளை, தம் மக்கள் ஊரில் கொண்டாடிய வண்ணமே நூலகத்தில் கொண்டாடினார். மக்கள் வரட்டும் என்று மேசைக்குப் பின்னால் காத்திருக்கவில்லை. அவர்கள் கூடும் இடங்களுக்கு அவரே சென்றார்.

வீட்டில் ஸ்பானியம் பேசினால் ஆங்கிலம் வராது என்று அவர் பயப்படவில்லை. இரு மொழிகளும் ஒரே அறையில் ஒலித்தன. காதில் விழுந்து பொருள் பதிந்த சொல்லைத்தான் கண் ஏட்டில் எளிதாய் அடையாளம் கண்டுகொள்ளும். பேச்சாய் அறியாத சொல்லை எழுத்துக் கூட்டி வாசித்தாலும் அது வெறும் ஓசையே. தாய்மொழியே கல்விக்கு ஏற்ற வாசல் என்று யுனெஸ்கோ 1953இல் அறிக்கை வெளியிடுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, பெல்ப்ரே அந்த வாசலைத் திறந்து வைத்திருந்தார்.

1943இல் இசைக்கலைஞர் ஒருவரை மணந்த அவர், நூலகப் பணியை விட்டு எழுத்தில் ஈடுபட்டார். 1960இல் கணவர் காலமானார். அதன்பின் மீண்டும் நூலகத்திற்குத் திரும்பி, ஸ்பானியம் பேசும் பிள்ளைகளுக்கான சிறப்பு நூலகராகப் பணியாற்றினார். 1968இல் ஓய்வு பெற்ற பின்பும் ஓயவில்லை. தெற்கு பிராங்ஸ் பகுதியின் நூலகத் திட்டத்தில் தம் பொம்மைகளோடு பிள்ளைகளைத் தேடிச் சென்றார். 1982இல் காலமானார். அவர் பெயரால் 1996 முதல் அமெரிக்காவில் சிறுவர் இலக்கிய விருது வழங்கப்படுகிறது. எந்த அலமாரியில் ஒரு கதையும் காணாமல் நின்றாரோ, அந்த அலமாரிகளில் இன்று அவர் பெயர் பொறித்த விருதுபெற்ற நூல்கள் வரிசையாய் நிற்கின்றன.

நம் வீட்டு அலமாரி

பிரியமானவர்களே, பெந்தெகொஸ்தே நாளை நாம் அதிகமாய்ப் பேசுகிறோம். அந்நாளில் எருசலேமில் கூடியிருந்த பல தேசத்தார் தேவனுடைய மகத்துவங்களைத் தங்கள் தங்கள் ஜென்ம பாஷையிலே கேட்டார்கள் என்பதை நம் பிள்ளைகளுக்காகவும் சிந்தித்தோமா? தீமோத்தேயுவுக்கு விசுவாசம் ஒரு பாட்டியின் வழியாயும் தாயின் வழியாயும் வந்தது. லோவிசாளும் பேரனும் பேசிக்கொள்ள ஒரு பாஷை இல்லாதிருந்தால் என்னவாகியிருக்கும்? 1715இல் தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறி முடிந்தது. இந்திய மொழிகளிலேயே முதலாவது அதுதான். அந்தப் பொக்கிஷம் நம் வீட்டு மேசையில் இருந்தும், நம் பிள்ளைக்கு அது மூடப்பட்ட புத்தகமாய் இருக்கலாமா?

பெரிய திட்டம் வேண்டாம். ஊருக்குப் போய்த் திரும்பும்போது, மிளகாய்த்தூளோடும் முறுக்கோடும் நான்கு தமிழ்ச் சிறுவர் புத்தகங்களையும் பையில் வையுங்கள். சபைக் கூடத்தின் ஓரத்தில் ஓர் அலமாரியும், புத்தகம் எடுப்பவர் பெயர் எழுத ஒரு நோட்டும் போதும். ஓய்வுநாள் பள்ளி முடிந்தபின், சபையிலுள்ள பாட்டிமாரில் ஒருவர் அரை மணி நேரம் வேதாகமக் கதையையோ ஊர்க் கதையையோ சொல்லட்டும். பிள்ளைகள் தடுமாறித் தமிழ் பேசினால் நகைக்காதீர்கள். நகைப்பு வாயை மூடிவிடும். இரவு ஜெபத்தில் ஒரு வசனத்தைப் பிள்ளை எழுத்துக் கூட்டி வாசிக்கும்வரை பொறுமையோடு காத்திருங்கள்.

அடுத்த முறை ஊரிலிருந்து பாட்டி அழைக்கும்போது, பிள்ளையின் கையில் தொலைபேசியைக் கொடுத்து, "பாட்டி, எனக்கு ஒரு கதை சொல்லுங்கள்" என்று கேட்கச் செய்யுங்கள். நம் வீட்டின் முதல் நூலகர் அவரே.

கர்த்தர் உங்கள் பிள்ளைகளை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.